கௌதாரி முட்டையிட்ட புதர்

எங்கள் நிலம் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வேலந்தாவளம் பக்கம். நான்கு ஏக்கர். அப்பா படுக்கையில் விழுந்த பிறகு நிலக்கடலை போட ஆளில்லாமல் பத்து ஆண்டுகள் தரிசாகக் கிடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடி (லாண்டானா) ஆள் உயரத்துக்கு மண்டி, வரப்பு எது, கிணற்றடி எது என்றே தெரியவில்லை. காட்டுப்பன்றிகள் பகலெல்லாம் அதற்குள் படுத்திருந்து, இரவில் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கின.

முதல் வருடம் பொக்லைன் வைத்து ஒரு ஏக்கரை ஒரே நாளில் வழித்தெடுத்தேன். பெரிய தவறு. உண்ணியோடு காரை, சூரை, சங்கஞ்செடி, ஆவாரை எல்லாம் சேர்ந்து போயின. மழை பெய்ததும் புரட்டிய மண்ணில் பார்த்தீனியம் முளைத்தது. அறுந்த கட்டைகளிலிருந்து உண்ணி மறுபடியும் துளிர்த்தது. நம் மண்ணின் புதர் ஒன்றுகூட அந்த வருடம் திரும்பவில்லை.

அடுத்த வருடம் கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும்தான். உண்ணியை அரிவாளால் மேலே வெட்டினால் அடியிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகக் கிளைக்கும். தண்டும் வேரும் கூடும் இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை மண்ணை விலக்கி ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறை இது. பழம் கறுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கொண்டைக்குருவிகள் தின்று எச்சமிடும் இடமெல்லாம் முளைக்கும். எங்கள் பனைமரங்களின் அடியில் இன்றும் மாதம் ஒருமுறை குனிந்து கன்று பிடுங்குகிறேன்.

சித்திரையில் ஒரு காலை. வேலைக்கு வந்திருந்த அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். "தம்பி, நிறுத்துங்கள். உள்ளே உயிர் இருக்கிறது." அடுத்த நொடி காலடியிலிருந்து கௌதாரி ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது. இலைகளை விலக்கிப் பார்த்தேன். மண்ணில் ஒரு சிறு பள்ளம், அதில் கொஞ்சம் காய்ந்த புல், ஏழு முட்டைகள். வெளிறிய பால் நிறம். கடப்பாரை நுனிக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை.

அந்தப் புதரும் உண்ணிதான். நான் ஒழிக்க வந்த அதே செடி. சுற்றிலும் எல்லாவற்றையும் வெட்டிவிட்டபடியால் அந்தப் பறவைக்கு ஒதுங்க வேறு மறைவே இல்லை. அன்றே வேலையை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் கழித்துப் போனபோது ஓடுகள் மட்டும் கிடந்தன. மறுநாள் மாலை வரப்பில் தாய் முன்னே நடக்க, பின்னால் குஞ்சுகள் ஓடின. ஐந்து வரை எண்ணினேன். அதற்குள் கோரைக்குள் மறைந்துவிட்டன.

இப்போது ஐப்பசியிலிருந்து தை வரைதான் வெட்டுகிறேன். மண் ஈரமாக இருப்பதால் வேர் எளிதில் வரும். தரையில் முட்டையிடும் பறவைகள் பெரும்பாலானவற்றுக்கு அது கூடு கட்டும் காலமும் அல்ல. நிலத்தை நீளப் பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பட்டையில் வெட்டினால் அடுத்த பட்டையைத் தொடுவதில்லை. வெட்டிய இடத்தில் காரையும் சூரையும் இடுப்பளவு வந்த பிறகுதான் அடுத்தது.

இதைப் படித்த மறையூர் அன்பர் ஒருவர் கேட்டார்: ஐயா, சின்னாறு ஓரத்தில் எங்களுக்கும் இதே பாடுதான். ஆனால் விட்டுவைத்த பட்டையிலிருந்து விதை பரவாதா?

பரவும், தம்பி. அதனால் பூக்கும்போதே நுனிகளை நறுக்கிவிடுகிறேன். அடியில் மறைவு இருந்தால் கௌதாரிக்குப் போதும். கூலி கூடுதல்தான், பொக்லைனுக்குக் கொடுத்ததை நினைத்தால் அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த வழித்தெடுத்த ஏக்கரில் இந்தப் புரட்டாசியில்தான் முதல் சங்கஞ்செடி தலைகாட்டியது. முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்குள் இளஞ்சிவப்புச் சிறகுள்ள சிறிய வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து, இலை இலையாக அமர்ந்து முட்டை வைத்துக்கொண்டிருந்தது.