180 பேர் வகுப்பில் யோசிக்கும் திறனை எப்படிச் சோதிப்பது?

சிவப்புமை:
பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் எடுக்கிறேன், மூன்று செக்‌ஷன், 180 பேர். வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று புளூம் நிலை (ஞாபகத்தில் தொடங்கி மேலே போகப் போக அதிகம் யோசிக்க வைக்கும் படிகள்) போட்டாக வேண்டும், நானும் போடுகிறேன். ஆனால் கே4 (பகுத்தாய்வு) என்று போட்ட கணக்கு, போர்டில் போட்டதையே எண்ணை மட்டும் மாற்றிக் கேட்டது. மனப்பாடம் செய்தவர் 13-க்கு 13 வாங்கிவிடுகிறார். யோசித்து விரிவாக எழுதும்படி கேட்டால், ஒரு தாளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் திருத்த 30 மணி நேரம். நீங்கள் எல்லாம் என்ன செய்கிறீர்கள்?

லிஃப்ட்வாத்தியார்:
வகுப்பில் போட்ட கணக்கென்றால் அது ஞாபகசக்தி சார், என்ன நம்பர் போட்டாலும். நான் ஒரு மார்க் கேள்வியிலேயே காரணத்தையும் கேட்டுவிடுவேன். லிஃப்டுக்குள் எடை மெஷின் மேல் ஒருவர் நிற்கிறார், லிஃப்ட் சீரான வேகத்தில் மேலே போகிறது. மெஷின் கூடுதலாகக் காட்டுமா, குறைவாகவா, அதேதானா? அடுத்து ஏன் என்று நான்கு காரணங்கள். அவற்றைப் பழைய விடைத்தாள்களில் பிள்ளைகள் செய்த தப்புகளிலிருந்து எடுப்பேன் ("மேலே போவதால் மேல்நோக்கிய விசைதான் அதிகம்"). விடை, காரணம் இரண்டும் சரியாக இருந்தால்தான் மார்க், ஓஎம்ஆர் ஷீட்டிலேயே முடிந்துவிடும். 1992-இல் ஹெஸ்டனீஸ் குழு வெளியிட்ட ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரியை (விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் டெஸ்ட்) பாருங்கள், எல்லாமே மல்டிபிள் சாய்ஸ், கணக்கு ஒன்றுகூடக் கிடையாது, ஆனாலும் ஃபார்முலா மட்டும் தெரிந்தவர் திணறுவார்.

எட்டாம்வரி:
சரி, ஆனால் டிக் அடித்துக்கொண்டே இருந்தால் எழுத வராமல் போய்விடும். நான் தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றை எட்டு வரியில் அச்சடித்துக் கொடுத்து, முதலில் பிசகிய வரி எது, ஏன் என்று இரண்டே வரியில் எழுதச் சொல்வேன். தாளுக்கு ஒரு நிமிடம்தான். ஒன்று, எப்போதும் மைனஸ் குறியிலேயே தப்பு வைத்தால் மூன்றாவது டெஸ்டில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் நடுவில் தப்பே இல்லாத கணக்கையும் நுழைத்துவிடுவேன். அன்றைக்கு ஹாலில் முழிக்கிற முழியைப் பார்க்கணும்!

பின்பெஞ்ச்:
"அவுட் ஆஃப் சிலபஸ்" என்று புகார் போகும் சார், எனக்குப் போனது. மார்க் இல்லாமல் வகுப்பில் ரெண்டு தடவை பழக்கிவிட்டு அப்புறம் டெஸ்டில் வையுங்கள்.

சிவப்புமை:
நன்றி. லிஃப்ட் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டெஸ்டுக்கு, லிஃப்ட் கீழே இறங்கிக்கொண்டே வேகம் குறைவதாக மாற்றிவிட்டால்?

லிஃப்ட்வாத்தியார்:
பிரமாதம். மெஷின் கூடுதலாகக் காட்டும், ஆனால் இறங்குகிறது என்று படித்ததுமே நிறையப் பேர் 'குறையும்' பக்கம் போய்விடுவார்கள்.