வத்திப்போன போரில் (ஆழ்துளைக் கிணற்றில்) மழைநீரை இறக்கலாமா?

செம்மேடு, பாலக்கோடு:
ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் 1,000 அடி தாண்டித் துளை போட்டும் தண்ணி இல்லை, புகைதான் வருகிறது. இன்னொரு போருக்குப் பணம் கொட்டுவதற்குப் பதில், வத்தின போரைச் சுற்றி, மழைநீரை வடிகட்டி உள்ளே இறக்கும் உறிஞ்சுகுழி போடுங்கள் என்கிறேன். கேசிங்கை (போரின் மேல்பகுதியில் இறக்கிய குழாயை)ச் சுற்றி 10க்கு 10 அடி, ஆழம் 10 அடி. குழிக்குள் நிற்கும் கேசிங்கில் கீழ் 4 அடிக்கு மட்டும் துளை, அதன்மேல் நைலான் வலை இரண்டு சுற்று. அடியில் போல்டர் (பெருங்கல்), பிறகு 40 மி.மீ. ஜல்லி, 20 மி.மீ. ஜல்லி, மேலே ஒன்றரை அடி மணல். கேசிங் வாய் தரைக்கு மேல் 2 அடி நின்று, இறுக்கமாக மூடி போட்டிருக்க வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடம், இதில் அசட்டை கூடாது.

பாறைக்கீறல், கிருஷ்ணகிரி:
அண்ணே, வத்தின எல்லா போரும் தண்ணி குடிக்காது. நம் ஊர்ப் பாறைக்குள் தண்ணி நிற்பது மேலே மக்கிய பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும்தான். வெடிப்பே கிடைக்காத போர் வெறும் குழாய். ஆறரை இஞ்ச் போர் அடிக்குச் சுமார் ஆறரை லிட்டர் பிடிக்கும். 800 அடிக்கு 5,200 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரை அதில் இறக்கிப் பாருங்கள். பாதியிலேயே வாய்வரை வந்து அப்படியே நின்றால் அந்த போருக்குக் குழி வெட்டுவது வீண். முழுசும் உள்ளே போனால் மேலே பேசலாம்.

இன்னொன்று, உங்கள் குழி 28,000 லிட்டர் கொள்ளளவு என்றாலும் கல், ஜல்லி போக மிஞ்சும் இடம் 11,000 லிட்டர்தான். 5 ஏக்கர் சரிவில் ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டி, அதில் முப்பது சதவீதம் ஓடிவந்தால் 2.4 லட்சம் லிட்டர். மிச்சமெல்லாம் ஓடைக்குத்தானே?

மாவடி, போச்சம்பள்ளி:
அதனால்தான் மாந்தோப்புக்காரர்கள் சரிவுக்குக் குறுக்கே பள்ளம் வெட்டுகிறோம். 10 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். ஒன்றில் 1,130 லிட்டர் நிற்கும். ஏக்கருக்கு 25 போட்டால் ஒரு மழைக்கே 28,000 லிட்டர். ஒரே நேர்க்கோட்டில் நீளமாக வெட்டாதீர்கள். ஓரிடத்தில் உடைந்தால் மொத்தத் தண்ணியும் அந்த வழியே பாய்ந்து செம்மண்ணை வாரிக்கொண்டு போகும். வெட்டின மண்ணைப் பள்ளத்தின் கீழ்ப்பக்கம் போடணும்.

செம்மேடு:
மாவடி, அந்தத் தண்ணியில் பெரும்பங்கு மா வேருக்கும் வெயிலுக்கும் போகும். தோப்புக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் 600 அடி வெடிப்புக்கு எப்போது போய்ச் சேரும்?

பாறைக்கீறல் தம்பி, நீங்கள் குழியின் கொள்ளளவை மட்டும் கணக்குப் போடுகிறீர்கள். நல்ல போர் நொடிக்கு 2 லிட்டர் உள்ளே வாங்கினால் மணிக்கு 7,200. மேலே ஒரு பண்ணைக்குட்டை இருந்தால் 2.4 லட்சமும் ஒன்றரை நாளில் இறங்கிவிடும். குட்டைக்குத் தார்ப்பாய் விரித்துப் போர்த் தண்ணியை ஊற்றி வைக்கிறார்களே, அதுதான் அநியாயம். 30க்கு 30 மீட்டர் குட்டையில் வெயில் காலத்தில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியானால் 5,400 லிட்டர் காற்றோடு போகிறது.

பாறைக்கீறல்:
குட்டையோடு சேர்த்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தத் தண்ணி? தக்காளிக் காட்டு வடிநீரில் உரமும் பூச்சிமருந்தும் வரும். மண்ணுக்குள் ஊறி இறங்கினால் கொஞ்சமாவது வடிகட்டும். போர் வழியாகப் போவது நேரே வெடிப்புக்குள். ஒன்றரை அடி மணல் சேற்றைத்தான் தடுக்கும், கரைந்த உப்பைத் தடுக்காது. பக்கத்து வீட்டுப் போரில் யாராவது குடிக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சாக்கடை, மாட்டுத்தொழுவம் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

செம்மேடு:
கூரைத் தண்ணி, கரட்டுச் சரிவுத் தண்ணி என்றால்? நம் மாவட்டங்களில் புளோரைடு பிரச்சினையால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பாறையோடு நெடுநாள் கிடந்த ஆழத்துத் தண்ணியில்தான் அது ஏறுகிறது. மழைநீர் கலந்தால் குறையும்.

பாறைக்கீறல்:
குறையலாம், ஆனால் அதை நம்பிக் குடிக்கச் சொல்லாதீர்கள். குடிநீரில் புளோரைடுக்கு வரம்பு லிட்டருக்கு 1 மி.கி., வேறு வழியே இல்லையென்றால் 1.5. மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்துப் பார்க்காமல் பேச முடியாது.

மாவடி:
இறக்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எடுப்பதை யார் பேசுவது? சொட்டுநீரில் தக்காளிக்கு நாளைக்குச் சராசரி 4 மி.மீ. என்றால் ஏக்கருக்கு 16,000 லிட்டர். 110 நாளைக்கு 17 லட்சத்துக்கு மேல். வருஷத்துக்கு 850 மி.மீ. மழையில் பத்து சதவீதம் ஓடிவருகிறது என்று வைத்தால், 5 ஏக்கரிலும் சேர்த்து அதே 17 லட்சம்தான். ஒரு சொட்டு விடாமல் பிடித்தாலும் ஒரு ஏக்கர், ஒரு போகம்! இலவச கரண்டு, ஆட்டோ ஸ்டார்ட்டர். மூணு பேஸ் கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடுது, ஆள் தூங்குது. நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்த 2003இல் கொண்டுவந்த சட்டத்தையும் 2013இல் எடுத்துவிட்டார்கள்.

செம்மேடு:
சட்டம் வந்தால் முதலில் மாட்டுவது சிறு விவசாயி. அதில் உங்களோடு சேரமாட்டேன். தக்காளியைக் குறைத்துக் கேழ்வரகு, கொள்ளு போடு என்றால் விலையை யார் தருவது?

பாறைக்கீறல்:
அது தனிச் சண்டை. குழி போடுகிறவர்களுக்கு ஒன்று: குழிக்கு முன்னால் 6க்கு 4 அடியில் வண்டல் தொட்டி கட்டாயம். முதல் மழைத் தண்ணியைத் திருப்பிவிடுங்கள், அதில்தான் செம்மண் அதிகம். கோடை மழை முடிந்ததும் ஒரு தடவை, புரட்டாசிக்கு முன் ஒரு தடவை மேல்மணலை மூணு இஞ்ச் சுரண்டிப் புதுசு போடணும். குழியில் தண்ணி இரண்டு நாளைக்கு மேல் நின்றால் மணல் அடைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த மழைக்கு முன் வாய்க்காலை அடைத்துவிட்டு மணலை மாற்றுங்கள்.