ராப்பைக் கடன் வாங்கினார்களா, அள்ளிக்கொண்டு போனார்களா? ‘ஃபேட் லிப்’ பற்றி ஒரு வாக்குவாதம்

தாளக்கட்டு

கனடாவின் பங்க் (வேகமான முரட்டு ராக்) குழுவான சம் 41, 2025 ஜனவரி 30ஆம் தேதி டொராண்டோவில் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டுக் கலைந்தது. அன்றிலிருந்து அவர்களுடைய பழைய பாடல்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் 2001இல் வந்த ‘ஃபேட் லிப்’பில்தான் வந்து நிற்கிறேன். குத்து வாங்கி வீங்கிய உதடு என்று பொருள். கனடாவின் ஏஜாக்ஸ் என்ற புறநகரைச் சேர்ந்த நான்கு பையன்களை வெளியுலகம் அறிந்தது இந்தப் பாட்டால்தான். அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் மாடர்ன் ராக் பட்டியலில் முதலிடம், அக்டோபரில் பிரிட்டனில் எட்டாவது இடம்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். ராப்பையும் ராக்கையும் சேர்த்துத் தைத்த பாடல்களில் தையல் வெளியே தெரியாதது இது. நான் டிரம்ஸ் வாசிக்கிறவன், அந்தக் காதோடுதான் கேட்கிறேன். ராப் பகுதியில் டிரம்ஸ் துள்ளாது, நடக்கும். கிட்டார் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றும். தாளத்தைக் கூர்மையாக்கும் வேலை குரல்களுக்குப் போய்விடுகிறது. பல்லவி வந்ததும் கிட்டார் விரிந்து, பேச்சு பாட்டாகிவிடும். இடையில் ஓரிடத்தில் எல்லாம் அடங்கிக் கிசுகிசுப்பாகி, மறுபடி வெடிக்கும். மூன்று நிமிடத்துக்குள் இத்தனையும். மறுப்பவர்கள் வரலாம்.

ரூஜ்_நதிக்கரை

வந்துவிட்டேன். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதில் தகராறு இல்லை. தையல் தெரியவில்லை என்கிறீர்களே, துணி யாருடையது என்று கேட்டீர்களா?

நான் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வளர்ந்தவள். அங்கிருந்து ரூஜ் ஆற்றைத் தாண்டி, பிக்கரிங்கையும் கடந்தால் ஏஜாக்ஸ். எங்கள் பள்ளியில் ராப் பாடாத பையன் கிடையாது, ஜமைக்கா, டிரினிடாட், யாழ்ப்பாணம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பாடினார்கள். ஆனால் வானொலியைத் திருப்பினால் உள்ளூர் ராப் வராது. டொராண்டோவில் கறுப்பின மக்களின் இசைக்காக ஒரு நிலையம் கேட்டு 1990இல் விண்ணப்பித்தார்கள். ஒழுங்காற்று ஆணையம் அந்த அலைவரிசையை ஒரு கண்ட்ரி இசை நிலையத்துக்குக் கொடுத்தது. ஃப்ளோ 93.5 ஒலிபரப்பைத் தொடங்கியது 2001இன் தொடக்கத்தில்தான். பதினோரு ஆண்டு!

அதற்கு முன் 1998இல் வான்கூவரின் ராஸ்கல்ஸ் குழு சிறந்த ராப் பதிவுக்கான ஜூனோ என்ற கனடிய இசை விருதையே வாங்க மறுத்தது. காரணம், ராப் விருதைத் தொலைக்காட்சியில் காட்டாத நேரத்தில் கொடுத்தார்கள். அந்த இசையை முன் வாசலால் விடாத நாட்டில், 2001 வசந்தத்தில் நான்கு புறநகர்ப் பையன்கள் கிட்டாரோடு அதே இசையைப் பாடினால் எல்லாக் கதவும் திறக்கிறது. எனக்குக் கோபம் பையன்கள்மீது இல்லை, கதவுமீது. ஆனால் ‘அருமையான கலவை’ என்று மட்டும் பேசுகிறவர்கள்மீது கொஞ்சம் உண்டு.

பழைய கேசட்

நீங்கள் இருவரும் பாட்டின் மூன்றாவது ஆளை மறந்துவிட்டீர்கள். இது ராப்பும் பங்க்கும் அல்ல. மெட்டல் (கனத்த கிட்டார் ராக்) கேட்டு வளர்ந்த பிள்ளைகள் பங்க் சட்டை போட்டுக்கொண்டு ராப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

சான்று பாட்டிலேயே இருக்கிறது. அயர்ன் மெய்டன், ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுக்கள்தான் நாங்கள் கும்பிட்ட தெய்வங்கள் என்ற பொருளில் அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதுவும் ராப் பகுதியில்! காணொளியின் கடைசியைப் பாருங்கள். ‘ஃபேட் லிப்’ முடிந்ததும் எண்பதுகளின் மெட்டல் வேடம் போட்டுக்கொண்டு ‘பெயின் ஃபார் பிளெஷர்’ பாடுகிறார்கள், டிரம்ஸ்காரர் ஸ்டீவ் ஜோக்ஸ் கீச்சுக் குரலில் கத்துகிறார். கேலிதான். ஆனாலும் வெறுக்கிறவனால் அவ்வளவு துல்லியமாகக் கேலி செய்ய முடியாது. வீட்டுப் பெரியவரைப் பேரன் நடித்துக் காட்டுகிற மாதிரி.

அதே ஆகஸ்டில் எம்டிவியின் 20ஆம் ஆண்டு விழா. இவர்களோடு மேடையேறியவர்கள் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டும் மாட்லி க்ரூவின் டாமி லீயும். அறையில் சுவரொட்டியாக ஒட்டி வைத்த ஆள் பக்கத்தில் நின்று பாடினால் எப்படி இருந்திருக்கும்! கேசட் தேய்ந்து நாடா சிக்கும்வரை கேட்ட எனக்கு அந்த ஒரு காட்சி போதும். (பென்சிலை விட்டு நாடாவைச் சுற்றியவர்களுக்கு மட்டும் இது புரியும்.)

குறுக்குச்சால்

அனைவரும் கவிதையாகப் பேசுகிறீர்கள். நான் கணக்குப் பேசுகிறேன்.

1999இல் லிம்ப் பிஸ்கிட் குழு ‘நூக்கி’ பாட்டை விற்றது. 2000 அக்டோபரில் லின்கின் பார்க் குழுவின் முதல் ஆல்பம். ராப்பும் கிட்டாரும் சேர்ந்தால் பணம் என்று ஒவ்வொரு இசை நிறுவனத்துக்கும் தெரிந்துவிட்ட நேரம். தயாரிப்பாளர் யார்? ஜெர்ரி ஃபின், பிளிங்க்-182 என்ற பங்க் குழுவின் 1999 ஆல்பத்தைச் செய்த அதே கை. அலை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

ஆல்பத்தில் மொத்தம் 13 தடங்கள். இந்த மாதிரி ராப் எத்தனையில்? ஒன்றில். அந்த ஒன்றைத்தான் முதலில் வெளியிட்டார்கள். சந்தைக்கு முன்னால் மாம்பழத்தை அடுக்குகிறவன் எதை மேலே வைப்பான்? அப்படியும் அமெரிக்காவின் பொதுப் பட்டியலில் 66ஆவது இடத்துக்கு மேல் ஏறவில்லை. உங்கள் ‘உலகம் அறிந்தது’ கொஞ்சம் குறுகிய உலகம்.

மட்டுறுத்துநர்

பாடல் வரிகளை முழுதாக ஒட்டியிருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். பொருளைச் சொல்லுங்கள், வரி வேண்டாம்.

தாளக்கட்டு

குறுக்குச்சால், உங்கள் கணக்கில் ஒரு வரவு விடுபட்டிருக்கிறது. 2000இல் வந்த ‘ஹாஃப் ஹவர் ஆஃப் பவர்’ குறுந்தட்டில் ‘டேவ்ஸ் பொசெஸ்ட் ஹேர்’ என்ற தடத்தின் பின்பாதி முழுக்க ராப். ‘ஃபேட் லிப்’ காணொளி தொடங்குவதே அதில்தான். தெருமுனைக் கடை ஒன்றில் பையன்கள் கல்லாக்காரர்முன் இசையே இல்லாமல் ராப் பாடிக் காட்டுகிறார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகுதான் கிட்டார், சறுக்குப் பலகைக் கூட்டம், ஒரு பெண்ணின் தலையை மழிப்பது எல்லாம். நிறுவனம் திணித்திருந்தால் அந்தக் கல்லாக்காரரை அல்லவா ஆட விட்டிருப்பார்கள்?

குறுக்குச்சால்

‘நூக்கி’ 1999. நீங்கள் சொல்லும் தட்டு 2000. ஒன்றுக்குப் பின் இரண்டு. கணக்கு மாறவில்லை.

தாளக்கட்டு

ஓராண்டு முந்தியது என்பதற்காக எல்லாம் லிம்ப் பிஸ்கிட்டின் பிள்ளையாகிவிடாது. காதால் கேளுங்கள். லிம்ப் பிஸ்கிட்டில் ஒருவர் முறுக்கிக்கொண்டு கோபப்படுவார், மற்றவர்கள் பின்னால் இடிப்பார்கள். ‘ஃபேட் லிப்’பில் ஜோக்ஸ், டேவ் பக்‌ஷ், டெரிக் விப்லி மூவரும் வரியைக் கைமாற்றுகிறார்கள், வரியின் கடைச்சொல்லை மற்றவர்கள் சேர்ந்து கத்துகிறார்கள். இது பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவின் வழி. 1986. உங்கள் அலைக்கு 13 ஆண்டு முந்தியது. பீஸ்டி பாய்ஸும் நியூயார்க்கில் ஹார்ட்கோர் பங்க் குழுவாகத் தொடங்கியவர்கள்தான். பங்க் குழந்தை ராப் பேசுவது அந்த வீட்டு வழக்கம்.

ரூஜ்_நதிக்கரை

தாளக்கட்டு, அங்கேயே நின்றுவிடாதீர்கள். கடைச்சொல்லைச் சேர்ந்து கத்துவது பீஸ்டி பாய்ஸ் கண்டுபிடித்ததா? ரன் டிஎம்சி என்ற ராப் குழுவினர் அதைச் செய்தார்கள். அவர்களுக்கும் முன்னால் நியூயார்க்கின் பிராங்க்ஸில் கோல்ட் க்ரஷ் பிரதர்ஸ் நான்கு பேர் சேர்ந்து வரிகளைப் பங்குபோட்டு மேடையில் ஒத்திகை பார்த்ததுபோல் பாடினார்கள். நீங்கள் தாத்தாவோடு நிறுத்திவிட்டீர்கள், நான் கொள்ளுத்தாத்தாவைக் கேட்கிறேன். ‘யாருடைய துணி’ என்றது இதைத்தான்.

ஆனால் பீஸ்டி பாய்ஸிடம் ஒன்றை நான் ஒப்புக்கொள்வேன். அவர்கள் ரன் டிஎம்சியோடு ஊர் ஊராகப் போனார்கள், அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பாடித் தேறினார்கள். ராப்பை விட்டுப் போகவும் இல்லை, வாழ்நாள் முழுக்க அதையே செய்தார்கள். சம் 41? குறுக்குச்சால் சொன்னதில் இந்த ஒன்று மட்டும் எனக்கும் உறுத்துகிறது. ஒரு பாட்டு, பெரிய வெற்றி, அடுத்த ஆண்டே ‘ஸ்டில் வெயிட்டிங்’ என்ற பாட்டு, ராப் காணாமல் போகிறது. விருந்தாளி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போவதுபோல.

ஏஜாக்ஸ்_வாசி

வணக்கம். அக்கா சொன்ன ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆள் நான். இப்போது எங்கள் ஊரில் கடை, கோயில், நடனப் பள்ளி என்று தமிழர்கள் நிறைய. நான் வந்து சேர்ந்த காலத்தில் அப்படி இல்லை. ஊரே ஒரு குண்டுத் தொழிற்சாலையைச் சுற்றி 1941இல் முளைத்தது, ஒரு போர்க்கப்பலின் பெயரை வைத்தார்கள். ‘அங்கே என்ன இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நெடுஞ்சாலை’ என்று பதில் சொல்லும் ஊர்.

நீங்கள் அனைவரும் பக்‌ஷின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுத் தாண்டுகிறீர்கள். அவருடைய குடும்பம் இந்திய வழிவந்த கயானாக் குடும்பம். 2001இல் எனக்குப் பதினான்கு வயது. இசைத் தொலைக்காட்சியில் கிட்டாரோடு நின்ற மாநிற முகம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். என் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘உந்தப் பையன் யாருடைய பிள்ளை?’ என்று கேட்டார். ஊர்க்காரர் என்று முடிவே செய்துவிட்டார். நானும் மறுக்கவில்லை.

அக்கா, நீங்கள் சொல்லும் வானொலிக் கதை முழுவதும் உண்மை, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் ‘நான்கு புறநகர்ப் பையன்கள்’ என்று ஒரே நிறத்தில் தீட்டினால் அந்தச் சட்டத்திலிருந்து பக்‌ஷ் விழுந்துவிடுகிறார். ராப் பகுதியில் அவருடைய குரலும் இருக்கிறது.

ரூஜ்_நதிக்கரை

தம்பி, அது சரி. ஒரே நிறத்தில் தீட்டியது என் தவறு. அம்மாவின் கேள்வி அருமை, எங்கள் வீட்டிலும் அதே கேள்விதான் எல்லோரைப் பற்றியும்.

ஆனால் என் கேள்வி அவருடைய நிறத்தோடு முடியவில்லை. அவர் கையில் கிட்டார் இருந்தது. அதனால்தான் அந்தத் திரையில் இருந்தார். மைக்கை மட்டும் பிடித்திருந்தால்?

பழைய கேசட்

இந்தச் சண்டைக்கு நடுவே ஒரு துண்டைப் போடுகிறேன், யாருக்கு உதவும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

1986இல் பீஸ்டி பாய்ஸின் ‘நோ ஸ்லீப் டில் புரூக்ளின்’ பாட்டில் தனிக்கிட்டார் வாசித்தவர் ஸ்லேயர் என்ற மெட்டல் குழுவின் கெர்ரி கிங். 2002இல் சம் 41 தன் ‘டேவ்ஸ் பொசெஸ்ட் ஹேர்’ தடத்தின் பழைய ராப் துண்டை ‘வாட் வி ஆர் ஆல் அபௌட்’ என்று புதிதாகப் பதிவு செய்து, ஸ்பைடர்மேன் படத்தின் பாடல் தொகுப்பில் கொடுத்தது. அதில் தனிக்கிட்டார் யார்? அதே கெர்ரி கிங். பதினாறு ஆண்டு இடைவெளி, அதே கை, அதே வேலை.

தாளக்கட்டு

பார்த்தீர்களா! 2002இல் ராப் காணாமல் போகவில்லை. கை கழுவிய விருந்தாளி அடுத்த ஆண்டே திரும்ப வந்திருக்கிறார்.

ரூஜ்_நதிக்கரை

திரும்ப வந்தவர் யாரை அழைத்து வந்தார்? ஒரு ராப்பரையா? மெட்டல்காரரை. பழைய கேசட் அண்ணா உங்களுக்கு உதவுவதாக நினைத்து எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறார்.

1986லேயே ‘வாக் திஸ் வே’ பாட்டில் ரன் டிஎம்சியும் ஏரோஸ்மித் ராக் குழுவும் ஒரே அறையில் நின்றார்கள். ஏரோஸ்மித்தின் சொந்தப் பதிவு பத்தாவது இடத்தோடு நின்றது, சேர்ந்து பாடியது நான்காவது இடம். 1991இல் மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸ், ராப் குழுவான பப்ளிக் எனிமியின் சக் டியையே அழைத்து ‘பிரிங் தி நாய்ஸ்’ பாடியது, பிறகு இரண்டு குழுவும் சேர்ந்து ஊர் சுற்றின. எனக்குப் பிடித்த கலவை அது. துணியின் சொந்தக்காரரும் தையல்காரரும் ஒரே பலகையில் உட்கார்ந்து தைத்தது.

பழைய கேசட்

ஆந்த்ராக்ஸ் பெயரைச் சொன்ன பிறகு உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. கட்சி மாறுகிறேன்.

குறுக்குச்சால்

ஒரு கட்சிக்காரர் போனார். நான் கேட்ட 66க்கு இன்னும் பதில் இல்லை.

ஏஜாக்ஸ்_வாசி

66க்குப் பதில் என்னிடம் இல்லை. போன கோடையில் என் சொந்த அக்காவின் மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். பின்முற்றத்தில் யாரோ இந்தப் பாட்டைப் போட்டார்கள். ராப் வரும்போது என் வயதுக்காரர்கள் கடைச்சொல்லை மட்டும் கத்தினார்கள், நடு வரிகள் ஒருவருக்கும் நினைவில்லை. பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவர்களுடைய பாட்டைப் போட்டார்கள். முழுக்க ராப், கிட்டாரே இல்லை. அவர்களுக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

ரூஜ்_நதிக்கரை

யாருடைய பாட்டு என்று கேட்டாயா, தம்பி?

ஏஜாக்ஸ்_வாசி

கேட்டேன் அக்கா. ‘மாமா, இதுகூடத் தெரியாதா?’ என்றார்கள்.