முதல் வரியைத் தள்ளிவிட்டால் போதுமா?

அட்டவணைப்பித்தன்:
"சிஎஸ்வி ஏற்றும்போது முதல் வரியைத் தள்ளிவிட்டால் போதும், தலைப்பை யாரும் படிக்க வேண்டியதில்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நான்கு பேர் ஆமோதித்தும் இருக்கிறார்கள்! சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு; தலைப்பு என்பது நெடுவரிசைப் பெயர்கள் உள்ள அதன் முதல் வரி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கோப்பை ஏற்றும் காப்பி கட்டளைக்கு வெறும் 'ஹெடர்' என்று கொடுத்தால் முதல் வரியைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான். பெயரைச் சரிபார்க்காது. அனுப்புகிறவர் 'கொடுத்தவர்', 'பெற்றவர்' இரண்டையும் இடம் மாற்றி அனுப்பினால்? இரண்டும் டெக்ஸ்ட், அதாவது எழுத்து வகை. பிழையே வராது. பணம் கொடுத்தவரெல்லாம் வாங்கியவர் ஆகிவிடுவார்.

நேர்வரி:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்கலாம். நெடுவரிசைப் பட்டியலைக் கட்டளையிலேயே கொடுக்கிறேன். அப்புறம் தலைப்பு எதற்கு? சிஎஸ்வி வடிவத்தை விவரிக்கும் ஆர்எஃப்சி 4180 ஆவணத்தின்படி தலைப்பு வரி கட்டாயமே இல்லை.

அட்டவணைப்பித்தன்:
கோப்பில் வரிசை மாறியது உங்கள் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டது அது. 2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-இல் 'ஹெடர் மேட்ச்' இருக்கிறது. பெயரோ வரிசையோ பொருந்தாவிட்டால் ஏற்றாமல் நின்றுவிடும். அதைப் போட என்ன தயக்கம்?

தரவுத்தேனீ:
எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு வாருங்கள். இம்போர்ட் கட்டளை கொடுத்தால் தலைப்பே நெடுவரிசைப் பெயராகிவிடும்.

அட்டவணைப்பித்தன்:
அட்டவணை புதிதாக இருந்தால் மட்டும். ஏற்கெனவே இருந்தால் தலைப்பும் தரவாக உள்ளே போகும். முதல் வரியைத் தாண்ட 'ஸ்கிப் 1' கொடுக்க வேண்டும். மறந்தால், ஸ்டிரிக்ட் (தரவு வகையைக் கண்டிப்பாகச் சரிபார்க்கும் அமைப்பு) இல்லாத அட்டவணையின் எண் நெடுவரிசையில் 'வயது' என்ற சொல்லே போய் உட்காரும். பாதி தெரிந்துகொண்டு ஆலோசனை சொல்லாதீர்கள்.

தரவுத்தேனீ:
உதவ வந்தவரைக் கடிப்பது உங்களுக்குப் பழக்கம். தேதி வடிவ விவாதத்திலும் இதே பேச்சுதான்.

அட்டவணைப்பித்தன்:
தேதி விவாதத்திலும் நான் சொன்னதுதான் சரி.

நேர்வரி:
சரி, மேட்ச் போட்டேன். எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்த கோப்பு. முதல் தலைப்பே பொருந்தவில்லை என்று நின்றுவிட்டது. தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட், பிஓஎம் என்ற யூனிகோட் அடையாளக் குறி. இதுதான் உங்கள் பாதுகாப்பா? வெறும் ஹெடர் என்றால் ஏறியிருக்கும்.

அட்டவணைப்பித்தன்:
நிற்கட்டும்! நிற்பதற்குத்தான் மேட்ச். பிஓஎம்மை நீக்கிவிட்டு ஏற்றுங்கள், ஒரு வரி வேலை. இடம் மாறிய பெயர்களை ஆறு மாதம் கழித்துத் திருத்துவது ஒரு வரி வேலையா?

நேர்வரி:
எஸ்கியூஎல் சர்வரில் எல்லோரும் 'ஃபர்ஸ்ட்ரோ = 2', அதாவது இரண்டாம் வரியிலிருந்து தொடங்கு என்று போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். உலகம் அழிந்துவிட்டதா?

அட்டவணைப்பித்தன்:
தலைப்பைத் தாண்டுவதற்காக அது இல்லை என்று அங்கே கோப்பை ஏற்றும் பல்க் இன்சர்ட் கட்டளையின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் செய்தால் சரியாகிவிடுமா?

தரவுத்தேனீ:
ஆவணத்தைப் படித்த ஒரே ஆள் நீங்கள்தான், வாழ்க.

நேர்வரி:
எனக்கு வரும் கோப்புகளில் வரிசை மாறாது. அனுப்புகிற நிரலை எழுதியதும் நான்தான்.

அட்டவணைப்பித்தன்:
அப்படியானால் 'எனக்கு' என்று எழுதியிருக்க வேண்டும். 'யாரும் படிக்க வேண்டியதில்லை' என்று ஏன் எழுதினீர்கள்? கொடுத்தவர், பெற்றவர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.