கட்சி நிதி கேட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க, குடுக்கலாமா வேணாமா?

மாடக்குளத்தான்
மக்களே ஒரு யோசனை வேணும். நான் ஒரு சின்ன கட்சிக்கு ஆதரவாளர், கட்சி பேர் வேணாம், சொன்னா பேச்சு முழுக்க அந்தப் பக்கம் போயிடும். உறுப்பினர் கார்டெல்லாம் கிடையாது, கூட்டம் நடந்தா போவேன், ஓட்டு அவங்களுக்குத்தான், அவ்ளோதான். போன ஞாயித்துக்கிழமை எங்க கிளைச் செயலாளர் அண்ணன் ரசீது புக்கும் கையுமா வந்துட்டாரு, சட்டமன்றத் தேர்தல் நிதி, உன்னால ஒரு 5000 முடியும்ல தம்பிங்கிறாரு. எனக்கு செல்போன் சர்வீஸ் கடை, வாடகை கரண்ட் பில் போக நிக்கிறதே கொஞ்சம், 5000ங்கிறது பையனோட டெர்ம் பீஸ்ல பாதி. ஆனா மனுஷன் நல்லவர், கண்மாய்த் தண்ணி தெருவுக்குள்ள வந்தப்ப இடுப்பளவு தண்ணில நின்னு பால் பாக்கெட் குடுத்தவர், அவர் மூஞ்சிய பாத்து முடியாதுன்னு சொல்ல வாய் வரல. யோசிச்சு சொல்றேண்ணேன்னு அனுப்பிட்டேன். வீட்டுல கேட்டா ஓட்டு போடுறது பத்தாதா துட்டும் போடணுமாங்கிறாங்க. நீங்கல்லாம் குடுக்குறீங்களா?

சும்மா_வேடிக்கை
குடுக்காதீங்க. பையன் பீஸைக் கட்டுங்க.

தேர்தல் பத்திரம் கதை மறந்துபோச்சா எல்லாருக்கும்? யார் குடுத்தாங்கன்னு வெளிய தெரியாம கட்சிக்கு காசு குடுக்க வச்சிருந்த திட்டம். மார்ட்டினோட லாட்டரி கம்பெனி ஒண்ணு மட்டும் 1,368 கோடிக்கு பத்திரம் வாங்கிருக்கு, அதுல 509 கோடி எங்களுக்கு வந்துச்சுன்னு திமுகவே தேர்தல் ஆணையத்துல எழுதிக் குடுத்துருக்கு. பாஜக 6,000 கோடிக்கு மேல வாங்கிருக்கு. இதெல்லாம் 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அந்த திட்டமே செல்லாதுன்னு சொன்னதால வெளிய வந்துச்சு, இல்லனா அதுவும் தெரிஞ்சிருக்காது. இப்படி கோடில புரளுற விளையாட்டுல உங்க 5000 எந்த மூலைக்கு? அவங்களுக்கு உங்க காசு தேவையே இல்ல, உங்ககிட்ட கேக்குறது கீழ இருக்குறவன் செலவுக்கு.

தறிக்காரன்
சும்மா வேடிக்கை தோழர், நீங்க சொன்ன கணக்கையே வச்சு நான் நேர் எதிரா சொல்றேன். 500 கோடி குடுத்தவன் சும்மா குடுப்பானா, அவன் ஒரு போன் போட்டா எடுப்பாங்க, உங்க தெருவுல சாக்கடை அடைச்சதுக்கு நீங்க போட்டா எடுப்பாங்களா? கட்சி யார் காசுல ஓடுதோ அவன் பேச்சைத்தான் கேக்கும், அப்ப நம்ம காசுல ஓடுற கட்சி ஒண்ணாவது வேணுமா இல்லையா. பத்திரமே வேணாம்னு சொல்லி வாங்காம இருந்ததும் இல்லாம அந்த கேஸ்ல மனுதாரரா போய் நின்னது மார்க்சிஸ்ட் கட்சி. நாங்க இன்னிக்கும் பஸ் ஸ்டாண்டுல துண்டு ஏந்துறோம், உண்டியல் குலுக்குறோம், 10 ரூவா போடுறவனும் நின்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டுத்தான் போடுறான். உறுப்பினர்னா வருமானத்துல இவ்வளவுன்னு லெவி கட்டணும், நான் தறி ஓட்டுற கூலில கட்டுறேன்.

சும்மா_வேடிக்கை
உண்டியல் கதை நல்லாருக்கு தோழர். 2019 நாடாளுமன்றத் தேர்தல்ல திமுக குடுத்த கணக்குல சிபிஐக்கு, அதான் இந்திய கம்யூனிஸ்ட் கட்சிக்கு, 15 கோடி, உங்க மார்க்சிஸ்ட் கட்சி சிபிஎம்முக்கு 10 கோடின்னு இருந்துச்சே, அது எந்த பஸ் ஸ்டாண்டுல குலுக்குனது?

தறிக்காரன்
அது பேங்க் வழியா வந்தது, கணக்குல காட்டினது, கூட்டணியோட தேர்தல் செலவுக்கு. ஒளிச்சு வாங்கல.

சும்மா_வேடிக்கை
ஒளிச்சு வாங்கினீங்கன்னு நான் சொல்லவே இல்லையே. யார் காசுல ஓடுதோ அவன் பேச்சைத்தான் கேக்கும்னு சொன்னது நீங்கதான், அதை உங்களுக்கே போட்டுப் பாருங்கன்னு சொல்றேன். 10 கோடி ஒரு பக்கம் வந்தப்புறம் 10 ரூவா போட்டவன் கேள்விக்கு என்ன மரியாதை?

நிர்வாகி
கட்சி பேரை வச்சு ஒருத்தரை ஒருத்தர் சீண்டுறது போதும். கேட்டவர் கேள்விக்கு வாங்க.

பழைய_போஸ்டர்
தம்பிகளா, நான் 67 தேர்தல்ல சுவர்ல சுண்ணாம்பு அடிச்ச ஆளு. அந்த தேர்தலுக்கு திமுக 10 லட்சம் நிதின்னு இலக்கு வச்சாங்க, கலைஞர் ஊர் ஊரா சுத்தி 11 லட்சமா கொண்டு வந்து அண்ணா கையில குடுத்தாரு. விருகம்பாக்கம் மாநாட்டுல வேட்பாளர் பேர் படிக்கிறப்ப சைதாப்பேட்டை வந்ததும் அண்ணா பேரைச் சொல்லல, பதினோரு லட்சம்னு சொன்னாரு, கூட்டம் அடங்க நேரமாச்சு. அந்தக் காசு எதுல வந்துச்சு, நாடகம் போட்டு டிக்கெட் வித்து, டீக்கடைல சலூன்ல ஆளுக்கு நாலணா எட்டணான்னு வந்துச்சு. போட்டவன் எல்லாம் அது தன் கட்சின்னு நெனச்சான், அதனாலதான் எலெக்‌ஷன் அன்னிக்கு கூப்பிடாமலே வேலைக்கு வந்தான். இப்ப அந்த ஆளுக்கே 500 ரூவாயும் பிரியாணியும் குடுத்தாதான் கூட்டத்துக்கு வர்றான். காசு போற திசை மாறிப்போச்சு, அதான் வித்தியாசம்.

ஜூராங்_வெஸ்ட்
ஐயா சொன்னது சூப்பர். அதேதான் நானும் சொல்ல வந்தேன், 2019ல வேலூர் தேர்தலையே பணப் பட்டுவாடாவால ரத்து பண்ணி ஆகஸ்ட்ல திரும்ப வச்சாங்க, ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2017ல அதே காரணத்தால ரத்தாச்சு, இப்படி ஓட்டுக்கு துட்டு வாங்கிப் பழகுன ஊர்ல கட்சிக்கு நீ துட்டு குடுன்னு கேட்டா சிரிக்கத்தான் செய்வாங்க, ஆனா யாராவது ஆரம்பிக்கணும்ல. நான் சிங்கப்பூர்ல வேலை, பிஆர் (நிரந்தரவாசி), பாஸ்போர்ட் இந்தியா தான், மாசாமாசம் ஊர்ல எனக்குப் பிடிச்ச கட்சிக்கு அனுப்பலாம்னு இருக்கேன், ரூம்மேட் இங்க சிட்டிசன் ஆயிட்டான், அவனும் சேர்ந்து போடுறேங்கிறான். சட்டப்படி பிரச்சனை வருமா?

கணக்குப்பிள்ளை
ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறேன், எனக்கு தெரிஞ்சதை சொல்றேங்க.

ஜூராங் தம்பி, உங்ககிட்ட இந்திய பாஸ்போர்ட் இருந்தா பேங்க் மூலமா குடுக்கலாம். உங்க ரூம்மேட் குடுக்கக் கூடாது. வெளிநாட்டு குடிமகன் காசு கட்சி வாங்கவே கூடாதுன்னு மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துலயே இருக்கு, வெளிநாட்டு குடியுரிமை எடுத்த இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்குற ஓசிஐ கார்டு வச்சிருந்தாலும் அதே கதைதான். அவரு காசை உங்க அக்கவுண்ட்ல வாங்கி நீங்க அனுப்புற வேலையெல்லாம் வேணாம், தலைவலி உங்களுக்குத்தான்.

மாடக்குளத்துக்காரர் கேட்டதுக்கு. 2000 ரூபாய்க்கு மேல கட்சி ரொக்கமா வாங்குனா வருமான வரி விலக்கு போயிடும், அதனால 5000 கேஷா கேட்டாங்கன்னா அதுவே சரியில்லங்க. ரெண்டு மூணு பேர் பேர்ல பிரிச்சு ரசீது போட்டுக்கலாம்னு சொல்லுவாங்க, அதுக்கும் சரின்னு தலையாட்டாதீங்க. 20,000க்கு மேல குடுத்தவங்க பேரை மட்டும்தான் கட்சி தேர்தல் ஆணையத்துக்கு சொல்லணும், அதுக்கு கீழ உங்க பேர் எங்கயும் வெளிய வராது, அந்த பயம் வேணாம். வரி விலக்குன்னு பாத்தா கட்சி நன்கொடைக்கு விலக்கு இருக்கு, 80ஜிஜிசின்னு சொல்ற பிரிவு, ஆனா ரொக்கமா குடுத்ததுக்கு கிடையாது, புது வரி முறைல இருந்தாலும் கிடையாது. இதுல ஒரு கூத்து என்னன்னா பேரே கேள்விப்படாத லெட்டர்பேடு கட்சிக்கு ரெண்டு லட்சம் நன்கொடைன்னு அனுப்பி, கமிஷன் போக மிச்சத்தை கையில திருப்பி வாங்கிட்டு விலக்கு போட்டவங்க எத்தனையோ பேர், இப்ப நோட்டீஸ் வந்து எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கிறாங்க. 2025ல தேர்தல் ஆணையம் முதல் சுத்துல 334 கட்சிய பட்டியல்ல இருந்தே தூக்குச்சு, ஆறு வருஷமா ஒரு தேர்தல்லயும் நிக்காத கட்சிங்க.

அதனால குடுக்குறதா இருந்தா கட்சியோட பேங்க் அக்கவுண்டுக்கு யூபிஐல போடுங்க, சுத்தம்.

பூத்_நம்பர்_143
கணக்குப்பிள்ளை அண்ணா, நீங்க சொல்றது சட்டப்படி சரி, ஆனா அப்படி போட்டா ஒரு பைசா கீழ வராது. இதை யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க.

நான் போன சட்டமன்றத் தேர்தல்ல ஒரு சின்ன கட்சிக்கு பூத் ஏஜெண்டா உக்காந்தவ. காலைல 7 மணிக்கு ஓட்டுன்னா 5.30க்கு மாதிரி வாக்குப்பதிவு, அதுக்கு அஞ்சு மணிக்கே பள்ளிக்கூட வாசல்ல நிக்கணும். குறைஞ்சது 50 ஓட்டு போட்டுப் பாத்து, எண்ணி, மெஷினை கிளியர் பண்ணி, சீல் வைக்கிறப்ப நம்மளும் கையெழுத்து போடணும். சாயங்காலம் முடிஞ்சதும் 17சி பாரம் காப்பி வாங்கணும், மொத்தம் எத்தனை ஓட்டுன்னு அதுலதான் இருக்கும், எண்ணிக்கை அன்னிக்கு அதை வச்சுத்தான் சரி பாக்க முடியும். எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த பெரிய கட்சி ஏஜெண்டுகளுக்கு மணிக்கொரு தரம் டீ, மதியம் பிரியாணி, மாத்தி விட ஆளு, எல்லாம் வந்துச்சு. எனக்கு வீட்டுல இருந்து எடுத்துட்டு போன தயிர் சாதம், பாத்ரூம் போனா என் எடத்துல உக்கார ஆளில்ல. எங்க தொகுதில பாதி பூத்துக்கு மேல எங்களுக்கு ஏஜெண்டே கிடையாது.

ஒரு தொகுதிக்கு சுமாரா 280 பூத்னு வைங்க, பூத்துக்கு சாப்பாடு டீ பெட்ரோல் 600 ரூவான்னு வச்சா 1,68,000. அவ்ளோதான். 40 லட்சம் வரைக்கும் வேட்பாளர் செலவு பண்ணலாம்னு சட்டம் சொல்லுது, எங்களால இந்த ஒண்ணே முக்கால் லட்சத்தை புரட்ட முடியல. தலைமை அக்கவுண்டுக்கு போன காசு தலைவர் பிரச்சார வேனுக்கும் சோஷியல் மீடியா டீமுக்கும் போச்சு. அந்த செயலாளர் அண்ணன் கையில குடுக்குற 500 ரூவாதான் அன்னிக்கு பூத்துல டீயா வரும். சும்மா வேடிக்கை, கீழ இருக்குறவன் செலவுக்குன்னு நக்கலா சொன்னீங்களே, கீழ இருக்குறவன்தான் சார் தேர்தல் நடத்துறான்.

சும்மா_வேடிக்கை
உங்க கஷ்டம் புரியுது மேடம், நக்கல் பண்ணல. ஆனா அதே 500 டீயா வரும்னு யார் கேரண்டி? மேல போனா வேனு, கீழ குடுத்தா கணக்கு இல்ல. ரெண்டு பக்கமும் குடுக்குறவன்தான் நம்பணும், வாங்குறவன் எதையும் காட்ட வேண்டியதில்ல.

சரி கட்சியே வேணாம், ஆளைப் பாத்து குடுப்போம்னு வந்தாலும் என்ன ஆச்சு? 2019ல பீகார் பெகுசராய்ல கன்னையா குமார் சிபிஐ வேட்பாளரா நின்னாரு, இணையத்துல நாடு பூரா காலேஜ் பசங்க 100, 200னு போட்டு 70 லட்சம் சேர்ந்துச்சு, அப்ப வேட்பாளர் செலவு உச்சவரம்பே அதான். நாலு லட்சம் ஓட்டுக்கு மேல தோத்தாரு, அதுகூட பரவால்ல, தோக்குறது சகஜம். 2021ல காங்கிரஸுக்கு போயிட்டாரு. சிபிஐக்காரர்னு நம்பி 100 ரூவா போட்ட பையன் யார்கிட்ட போய் கேப்பான்?

தறிக்காரன்
அதான் ஆளுக்கு குடுக்காத, அமைப்புக்கு குடுன்னு சொல்றோம்.

ஜூராங்_வெஸ்ட்
அமைப்பு மட்டும் என்ன வாழுதாம் தோழர். ஆம் ஆத்மிய பாத்து நாங்கல்லாம் எவ்ளோ நம்புனோம், 2013 டெல்லி எலெக்‌ஷன்ல 20 கோடி சேர்ந்ததும் போதும் இனி அனுப்பாதீங்கன்னு கெஜ்ரிவால் சொன்னப்ப இங்க ரூம்ல கை தட்டுனோம், யார் எவ்ளோ குடுத்தாங்கன்னு வெப்சைட்லயே போட்டாங்க, உள்ள போய் என் பிரெண்ட் பேரை தேடி பாத்தோம். 2016ல அந்த லிஸ்டையே எடுத்துட்டாங்க. குடுத்தவங்களை தொந்தரவு பண்றாங்கன்னு காரணம் சொன்னாங்க, இருக்கலாம், ஆனா அதுக்கப்புறம் எனக்கு விட்டுப்போச்சு. இருந்தாலும் நான் அனுப்பத்தான் போறேன், இங்க பாத்த வரைக்கும் நாம குடுக்கலனா லாட்டரிக்காரன் குடுப்பான், வேற ஆள் இல்ல.

கணக்குப்பிள்ளை
143 அம்மா சொன்னதுல நியாயம் இருக்குங்க. ஆனா நடுவுல ஒரு வழி இருக்கு, யாரும் அதைப் பயன்படுத்துறதே இல்ல. வேட்புமனு தாக்கல் பண்றதுக்கு ஒரு நாள் முன்னாடியாவது வேட்பாளர் தேர்தல் செலவுக்குன்னு தனி பேங்க் அக்கவுண்ட் தொறக்கணும். தேர்தல் செலவு எல்லாம் அதுல இருந்துதான் போகணும். நேரா அதுல போடலாம். மேல போகாது, தொகுதிலயே நிக்கும். ரிசல்ட் வந்து 30 நாளைக்குள்ள முழு கணக்கையும் மாவட்ட தேர்தல் அதிகாரிகிட்ட குடுக்கணும், குடுக்கலனா மூணு வருஷம் போட்டியிட தடை போடலாம். டீ எவ்ளோ, நாற்காலி வாடகை எவ்ளோன்னு மாவட்டத்துக்கு ஒரு விலைப்பட்டியல் வேற வச்சிருப்பாங்க. அந்தக் கணக்கை யார் வேணா போய் பாக்கலாம். 80ஜிஜிசி விலக்கு மட்டும் இதுக்கு வராது, அது கட்சிக்கு குடுத்தாத்தான்.

பூத்_நம்பர்_143
நல்ல வழிதான். ஆனா மனு தாக்கலுக்கும் ஓட்டுக்கும் நடுவுல மூணு நாலு வாரம்தான் இருக்கும், ஏஜெண்ட் புடிக்கிற வேலை, வாக்காளர் லிஸ்ட்ல செத்தவங்க பேரை சரி பாக்குற வேலையெல்லாம் அதுக்கு ஆறு மாசம் முன்னாடியே நடக்கணும், அந்த ஜெராக்ஸ் காசுக்கு எந்த அக்கவுண்ட்?

பழைய_போஸ்டர்
அம்மா சொல்றது வாஸ்தவம்.

மாடக்குளத்தான்
எல்லாருக்கும் நன்றி. அண்ணன்கிட்ட நேத்து போய் கேட்டேன், கட்சி அக்கவுண்டுல போட்டுடட்டுமாண்ணேன்னு. மூஞ்சி சுருங்கிப்போச்சு. போடு தம்பி, தப்பில்ல, ஆனா கிளைக்கு வராதுன்னாரு, 143 மேடம் சொன்ன அதே வார்த்தை. போன தேர்தல்ல கிளைல வாங்குனதுக்கு கணக்கு நோட்டு இருக்கான்னு கேட்டேன், கோவிச்சுக்குவாருன்னு நெனச்சேன், பரண்ல இருந்து ஒரு 80 பக்க நோட்டை எடுத்துட்டு வந்து குடுத்தாரு. பசை மாவு, நோட்டீஸ், மைக் செட் ஆட்டோ வாடகை, டீ டீ டீன்னு பக்கம் பக்கமா இருக்கு. கடைசி பக்கத்துல 2,340 ரூவா செயலாளர் கைக்காசுன்னு எழுதி கோடு போட்டுருந்துச்சு. அந்த நோட்டை அவர் இதுவரைக்கும் யாருக்கும் காட்டுனதில்லையாம், யாரும் கேக்கலயாம்.

1000 ரூவா கிளைக்கு ரசீதோட குடுக்கலாம்னு இருக்கேன், ஜிபேல, அவரோட நம்பருக்கு இல்லாம கிளைக்குன்னு ஒரு அக்கவுண்ட் இருந்தா அதுக்கு. வேட்பாளர் யாருன்னு அறிவிச்சப்புறம் பிடிச்ச ஆளா இருந்தா இன்னொரு 1000 அவர் அக்கவுண்டுக்கு. 5000 முடியாது.

சும்மா_வேடிக்கை
கிளைக்கு அக்கவுண்ட் இருக்காது பாருங்க. அவர் நம்பருக்குத்தான் போடச் சொல்லுவாரு.

மாடக்குளத்தான்
இல்லதான். கேட்டுட்டேன்.

கணக்குப்பிள்ளை
அப்ப 1000தானே, கேஷாவே குடுங்க, 2000க்கு கீழ தானே. ரசீதுல வரிசை எண் அச்சடிச்சிருக்கா, கட்சியோட பதிவு விவரம் இருக்கா, கார்பன் காப்பி விழுதான்னு பாத்துட்டு குடுங்க.

சும்மா_வேடிக்கை
அந்த நோட்டு ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து இங்க போடுங்க, அவர் சரின்னு சொன்னா. நானும் 200 போடுறேன், கட்சி எதுன்னு எனக்கு தெரிய வேணாம்.

பூத்_நம்பர்_143
தெரியாத கட்சிக்கு போடாதீங்க சார், உங்க தொகுதில ஏஜெண்டா வந்து உக்காருங்க, அது போதும்.