சாஃப்ட்வேர் இன்டர்வியூவில் புதிர் கேட்பது சரியா?

மாரத்தஹள்ளிவாசி:
பெங்களூருவில் ஜாவா டெவலப்பர். போன வாரம் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஒரு இன்டர்வியூ. 25 குதிரைகள், ஒரு ஓட்டத்துக்கு 5 மட்டும், கடிகாரம் கிடையாது, முதல் மூன்று குதிரைகளைக் கண்டுபிடிக்கக் குறைந்தது எத்தனை ஓட்டம் என்று கேட்டார்கள். ஏற்கெனவே படித்ததுதான், 7 என்றேன், சந்தோஷப்பட்டார்கள். ஆனால் நான் வருஷக்கணக்கில் பார்த்துவரும் பேமென்ட் சிஸ்டத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. மனப்பாடம் செய்தவனுக்கும் யோசிக்கிறவனுக்கும் இதில் எப்படி வித்தியாசம் தெரியும்?

அல்சூர் சேகர்:
தெரியாது தம்பி. கூகுளில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த லாஸ்லோ போக் 2013-லேயே இந்தப் புதிர்கள் நேர விரயம், இதை வைத்து எதையும் கணிக்க முடியவில்லை, கேட்கிறவருக்குத் தான் புத்திசாலி என்ற நினைப்பு வருவதுதான் மிச்சம் என்று சொல்லிவிட்டார். இங்கே இன்னும் விடமாட்டேன் என்கிறார்கள்.

கோட்_கவிதா:
எல்லாப் புதிரையும் ஒதுக்க வேண்டாம் அண்ணா. 100 மாடி, இரண்டு முட்டை, எந்த மாடியிலிருந்து போட்டால் உடையும் என்பதைக் குறைந்த தடவை போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை எத்தனை வேண்டுமானாலும் உண்டு என்றால் அது வெறும் பைனரி சர்ச், அதாவது ஒவ்வொரு தடவையும் பாதியாகப் பிரித்துத் தேடுவது, 7 தடவையில் முடியும். இரண்டுதான் என்றால் மோசமான நிலையில் 14. அந்த மாற்றம் ஏன் வருகிறது என்று பேசவைத்தால், ஆள் எப்படி யோசிக்கிறார் என்பது தெரிந்துவிடும். விடையை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதில்தான் எனக்குக் கோபம். அப்புறம், கல்லூரியிலிருந்து நேராக வருகிற பிள்ளைகளிடம் வேலை அனுபவத்தைப் பற்றி என்ன கேட்பது?

அல்சூர் சேகர்:
அவர்களுக்கும் புரோகிராம் கோடு (code) கொடுக்கலாமே அம்மா. நான் இன்டர்வியூ எடுத்தால் ஐம்பது அறுபது வரியில் பிழையுள்ள ஒரு புரோகிராமையும், ஃபெயில் ஆகிற ஒரு டெஸ்ட்டையும் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பார்ப்பேன். புரோகிராம் ஓடும்போது பதிவாகிற லாகைப் படிக்கிறாரா, நடுவில் நிறுத்திப் பார்க்க பிரேக்பாயிண்ட் வைக்கிறாரா, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்கிறாரா, எல்லாம் அரை மணி நேரத்தில் தெரியும். வருகிற எல்லோருக்கும் அதே புரோகிராம், அதே மதிப்பெண் அளவுகோல். இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த மாதிரி பேசுகிறவரைத்தான் எடுப்போம். புதிர் கேட்டால் பதற்றப்படுகிற நல்ல ஆட்களை நிறையப் பார்த்துவிட்டேன், அவர்களை வெளியே அனுப்புவது அநியாயம்.

மாரத்தஹள்ளிவாசி:
நன்றி இருவருக்கும். இரண்டாவது ரவுண்டு வெள்ளிக்கிழமை. அங்கேயும் குதிரைதான் என்றால், என் பழைய கோடு ஒன்றைத் திறந்து காட்டிப் பேசலாமா என்று நானே கேட்டுவிடுகிறேன்.