மதுச் சாக்லேட் சாப்பிட்டால் போதை ஏறுமா?

கேள்வி:
வெளிநாட்டிலிருந்து வந்த என் மைத்துனர், விமான நிலையக் கடையில் வாங்கிய சாக்லேட் பெட்டி ஒன்றைக் கொடுத்தார். வண்ணத் தாள் சுற்றிய குட்டிப் புட்டிகள். கடித்தால் உள்ளிருந்து காரமான திரவம் வழிகிறது. விவரம் தெரியாமல் என் தாயார் நான்கைத் தின்றுவிட்டார். அட்டையைப் படித்த பிறகுதான் உள்ளே இருப்பது விஸ்கியும் ரம்மும் என்று தெரிந்தது. மாலை முழுவதும் தலை சுற்றுவதாகச் சொன்னார். நான்கில் போதை ஏறுமா? நானும் இரண்டு தின்றுவிட்டு வண்டி ஓட்டினேன். போலீசார் ஊதச் சொல்லியிருந்தால் சிக்கியிருப்பேனா?

பதில் 1:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாக்லேட்டுக்குள் 4 மில்லி திரவம் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது தனி விஸ்கி அன்று, சர்க்கரைப் பாகு கலந்தது. 15 சதவீதம் ஆல்கஹால் என்றால் 0.6 மில்லி, ஏறத்தாழ அரை கிராம். நம் ஊரில் 42.8 சதவீத விஸ்கி 30 மில்லி ஊற்றினால் அதில் சுமார் 10 கிராம் இருக்கும். ஆக, ஒரு சிறிய பெக்கிற்கு ஈடாக இருபது சாக்லேட் தின்ன வேண்டும், அதற்குள் திகட்டிவிடும். அம்மா உட்கொண்டது 2 கிராம். கல்லீரல் அதை அரை மணி நேரத்திற்குள் கரைத்துவிடக்கூடும். தலைசுற்றல் அட்டையைப் படிப்பதற்கு முன்பே வந்ததா, பின்னர் வந்ததா?

பதில் 2:
மிட்டாய்த் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நன்கு உலர்த்திய சோளமாவைத் தட்டில் பரப்பி, அச்சால் குழிகள் அழுத்தி, காய்ச்சிச் சற்று ஆறவிட்ட பாகில் மதுவைக் கலந்து ஊற்றி, மேலேயும் மாவைத் தூவி அசையாமல் வைப்போம். சில மணி நேரத்தில் பாகின் புறப்பகுதி மட்டும் சர்க்கரைப் படிகமாக இறுகி மெல்லிய ஓடாகிவிடும். உள்ளே திரவம் திரவமாகவே நிற்கும். மாவைத் தூரிகையால் தட்டிவிட்டுச் சாக்லேட்டில் முக்கி எடுப்போம். மது சேர்ந்த பிறகு அடுப்பே இல்லாததால் ஆல்கஹால் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

கேக்கில் சுட்டால் எல்லாம் ஆவியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, மாவுடன் கலந்து 30 நிமிடம் சுட்ட பண்டத்தில் 35 சதவீத ஆல்கஹால் மிஞ்சுகிறது. சுட்டெடுத்த கிறிஸ்துமஸ் கேக்கின் மீது பிராந்தியைத் தெளித்து ஊறவைத்தால் கேட்கவே வேண்டாம்.

பதில் 3:
வண்டி விஷயத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் உள்ள வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். இரண்டு சாக்லேட்டின் ஒரு கிராம், 70 கிலோ எடையுள்ளவரிடம் 2 மில்லிகிராம் அளவுக்கே வரும். ஆனால் தின்ற கையோடு ஊதினால், வாயில் எஞ்சிய ஆல்கஹால் கருவியை ஏமாற்றிப் பெரிய எண்ணைக் காட்டக்கூடும். கால் மணி நேரம் பொறுத்தால் அது போய்விடும்.

குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் இந்தக் கணக்கையெல்லாம் நம்பாமல் பெட்டியைத் தொடாமலிருக்க வேண்டும். அவர்களுக்குச் சிறிதளவு ஆல்கஹால்கூட முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு ஆகியவற்றைத் தரக்கூடும்.

கேள்வி கேட்டவர்:
அம்மாவிடம் விசாரித்தேன். அட்டையை நான் உரக்கப் படித்துக்காட்டிய பிறகுதான் தலை சுற்றியதாம்.